நடுக்கடலில் ஊற்றிய எண்ணெயும் நான் போட்ட கையெழுத்தும்

கேள்வி: சார், நான் தூத்துக்குடிக்காரன். ஒரு பல்க் கேரியரில் ஃபோர்த் இன்ஜினியராக ஏழு மாதம் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருக்கிறேன். கப்பல் சிங்கப்பூரிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் வழியில், இரண்டு ராத்திரி செகண்ட் இன்ஜினியர் என்னையும் ஒரு ஆயிலரையும் கூப்பிட்டார். ஸ்லட்ஜ் (எண்ணெய்க் கசடு) பம்பிலிருந்து ரப்பர் ஹோஸ் ஒன்றை எடுத்து, கடலுக்குப் போகும் குழாயில் மாட்டச் சொன்னார். நான் டார்ச் பிடித்தேன், போல்ட்டும் முடுக்கினேன். காலையில் ஆயில் ரெக்கார்டு புக்கில் ‘இன்ஸினரேட்டரில் எரித்தது’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் நடந்தது குற்றமா? மேலதிகாரி சொன்னதைச் செய்த நானும் குற்றவாளியா? அடுத்த மாதம் அதே கப்பலில் ஏறச் சொல்கிறார்கள். அது அமெரிக்கா போகும் என்று கேள்வி. வெளியே சொன்னால் இனி யாராவது எனக்கு வேலை தருவார்களா? படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அவரிடம் இதைச் சொல்லவில்லை.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது நான் ஃபிஃப்த் இன்ஜினியராக ஏறிய முதல் கப்பல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசி. அங்கும் ராத்திரியில்தான் பம்ப் ஓடும். விடியற்காலை வாட்ச் முடித்து மேலே டெக்கில் வந்து நின்றால், கப்பல் கிழித்துக்கொண்டு வந்த தடத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு பட்டை பின்னால் நீண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் அலை சலசலக்கும், அந்தப் பட்டைக்குள் மட்டும் தண்ணீர் எண்ணெய் தேய்த்த தலை மாதிரி படிந்திருக்கும். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அப்போது கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

உங்கள் முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். ஆமாம், குற்றம்தான். கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்க, மார்போல் என்று நாம் சொல்லும் சர்வதேச ஒப்பந்தம் 1973-ல் எழுதப்பட்டு, 1978-ல் திருத்தப்பட்டு, 1983 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. அது கடலைத் துண்டுபோட்டு ‘இது இன்னார் கடல், இது யாருடைய கடலும் இல்லை’ என்று பார்ப்பதில்லை. கப்பலைப் பார்க்கிறது. கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ, அந்த நாட்டின் சட்டம் கப்பலோடு கூடவே பயணம் போகிறது. ஆயிரம் மைல் தள்ளிப் போனாலும் சட்டம் கரையில் நின்றுவிடாது. 

400 டன்னுக்கு மேற்பட்ட கப்பலின் இன்ஜின் ரூமிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் கடலுக்குப் போக ஒரே வழிதான். கப்பல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தண்ணீர், எண்ணெயைப் பிரித்தெடுக்கும் செப்பரேட்டர் வழியாகப் போக வேண்டும், வெளியே வரும்போது அதில் எண்ணெய் 15 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. 15 பிபிஎம் என்றால் எவ்வளவு என்று கரையில் இருப்பவர்கள் கேட்பார்கள். மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் டேங்கை நிரப்பி அதில் மூன்று டீஸ்பூன் எண்ணெய் விட்டால் எவ்வளவோ, அவ்வளவு.

ஆனால் நீங்கள் வெளியே தள்ளியது இன்ஜின் ரூம் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் இல்லையே தம்பி, ஸ்லட்ஜ். அதற்கு இந்த 15 பிபிஎம் சலுகைகூடக் கிடையாது. எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் கக்கும் அந்தக் கறுப்புக் கூழைக் கடலில் விட எந்தத் தூரத்திலும் அனுமதி இல்லை. கப்பலுக்கு உயிராபத்து, கப்பலே சேதமாகிவிட்டது என்ற நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. டேங்க் நிரம்பிவிட்டது என்பதோ, அடுத்த துறைமுகத்தில் கழிவை வாங்கிப்போகும் பார்ஜ் படகுக்குக் காசு அதிகம் என்பதோ அந்த விலக்கில் வராது.

நீங்கள் ஹோஸ் மாட்டிய குழாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஸ்லட்ஜ் குழாய்க்குக் கப்பலுக்கு வெளியே போக ஒரு வாசல்தான் உண்டு. டெக்கில் இருக்கிற அந்த ஸ்டாண்டர்டு ஃப்ளாஞ்ச், அதாவது குழாயோடு குழாயை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு. 215 மில்லிமீட்டர் விட்டம், ஆறு போல்ட். தூத்துக்குடியானாலும் ராட்டர்டாமானாலும், எந்தக் கரையின் கழிவுக் குழாயும் எந்தக் கப்பலோடும் பொருந்த வேண்டும் என்பதற்காக அந்த அளவையே ஒப்பந்தத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பல நாட்டுப் பிரதிநிதிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு போல்ட் எத்தனை மில்லிமீட்டர் என்று பேசி முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மரியாதை வருகிறது. ஸ்லட்ஜ் கரைக்குப் போக வேண்டும் என்பதற்குத்தான் அவ்வளவு மெனக்கெட்டார்கள். உங்கள் செகண்ட் மாட்டச் சொன்ன ஹோஸ் அந்த ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு போகிற குறுக்குவழி. கப்பல்காரர்கள் அதற்கு ‘மேஜிக் பைப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. திருட்டுக் குழாய் என்று சொன்னால் போதும்.

இது ஏன் இன்றும் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். ஒரு காலத்தில் கடலில் வேண்டுமென்றே ஊற்றப்பட்ட எண்ணெயில் பெரும்பங்கு டேங்கர்களிலிருந்து வந்தது. சரக்கை இறக்கிய டேங்கர் காலியாகத் திரும்பினால் கடலில் நிலையாக நிற்காது, ஆடும். அதனால் எண்ணெய் இருந்த அதே டேங்கில் கடல் தண்ணீரை பேலஸ்டாக, அதாவது கப்பலை நிலைநிறுத்தும் எடையாக, நிரப்பினார்கள். அடுத்த சரக்கு ஏற்றுமுன் டேங்கைக் கழுவி, அந்த எண்ணெய்த் தண்ணீரைக் கடலிலேயே கொட்டினார்கள். அப்போது அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை, அன்றாட வேலையாகத்தான் நினைத்தார்கள். 

1954-ல் லண்டனில் முதல் ஒப்பந்தம் வந்தது. கரையிலிருந்து 50 மைல் வரை 100 பிபிஎம்முக்கு மேல் ஊற்றாதே என்றது. கப்பல்கள் என்ன செய்யும்? 51-வது மைலில் ஊற்றின. 1969-ல் விதியை மாற்றினார்கள். மைலுக்கு 60 லிட்டருக்கு மேல் கூடாது, ஒரு பயணத்தில் மொத்தக் கொள்ளளவில் 15,000-ல் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்றார்கள். கணக்கு சரிதான். நடு ராத்திரி நடுக்கடலில் அளவுகோல் பிடித்துக்கொண்டு யார் நிற்பது?

அப்புறம்தான் எழுபதுகளில் புத்தி வந்தது. எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஊற்றவே தேவைப்படாத மாதிரி கப்பலைக் கட்டு என்றார்கள். 1978-ன் திருத்தப்படி 20,000 டன்னுக்கு மேற்பட்ட புதிய கச்சா எண்ணெய் டேங்கர்களில் பேலஸ்ட் தண்ணீருக்கென்றே தனி டேங்குகள் வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாது. தனி டேங்க் இருக்கிறதா இல்லையா என்பதைக் கப்பல் கட்டும் தளத்திலேயே பார்த்துவிடலாம். இல்லாத கப்பலுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத கப்பலை இன்ஷூரன்ஸ்காரர் தொட மாட்டார். இரும்பில் எழுதிய விதியை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் மாற்ற முடியாது. என் முப்பது வருட அனுபவத்தில், கடல் மாசு விஷயத்தில் இதைவிட நன்றாக வேலை செய்த விதியை நான் பார்த்ததில்லை.

இன்ஜின் ரூமுக்கு அப்படி ஒரு இரும்பு விதி இன்னும் முழுதாக அமையவில்லை. செப்பரேட்டர் இருக்கிறது, 15 பிபிஎம் அலாரம் இருக்கிறது, 2005-க்குப் பிறகு பொருத்திய கருவிகளில் 18 மாதப் பதிவு நினைவகத்திலேயே இருக்கிறது. இருந்தும் ஒரு ஸ்பேனரும் ஒரு ஹோஸும் நாலு பேருடைய மௌனமும் இருந்தால் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடலாம். அதனால்தான் சட்டம் தன் பாரத்தையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் இறக்கி வைத்திருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட அதே ஆயில் ரெக்கார்டு புக்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்த பொறுப்பாளர் கையெழுத்துப் போடுகிறார். பக்கம் நிறைந்ததும் கேப்டன் போடுகிறார். கடைசி வரி எழுதி மூன்று வருடம் வரை புத்தகம் கப்பலில் இருக்க வேண்டும். நீங்கள் போட்ட வரி சி என்ற எழுத்தின் கீழ் 12.3 என்ற எண்ணில் இருக்கும். ஸ்லட்ஜ் எரித்தது என்று அதற்கு அர்த்தம். ‘இந்தத் தேதியில், இத்தனை மணி நேரம், இவ்வளவு கன மீட்டர் எரித்தேன்’ என்று உலகத்தின் எந்தத் துறைமுக அதிகாரியிடமும் நீங்கள் வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள். ஹோஸ் மாட்டச் சொன்னவர் செகண்ட். மேலிருந்து சொன்னவர் சீஃப் இன்ஜினியராகவும் இருக்கலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தீர்கள் என்பது தண்டனையைக் குறைக்கும்போது பேசப்படும். குற்றமே இல்லை என்று ஆக்கிவிடாது.

‘ராத்திரி, யாரும் பார்க்கவில்லை’ என்று செகண்ட் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள். இரண்டு விஷயம் அவருக்குத் தெரியவில்லை. ஒன்று வானத்தில் இருக்கிறது. எண்ணெய் படிந்த இடத்தில் சின்ன அலை எழும்பாது. ரேடார் செயற்கைக்கோள் கீழே பார்க்கும்போது அந்த இடம் மட்டும் கறுப்பாக விழும், அதன் நுனியில் ஒரு புள்ளியாகக் கப்பல். இருட்டோ மேகமோ ரேடாருக்கு ஒரு பொருட்டில்லை. ஐரோப்பியக் கடல்களில் 2007 முதல் கிளீன்சீநெட் என்ற பெயரில் இதை அன்றாட வேலையாகச் செய்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவில் அந்த அளவு கண்காணிப்பு இல்லை என்பது உண்மை. அதனால் இரண்டாவதைக் கேளுங்கள், அது வெறும் கணக்கு.

உங்கள் கப்பல் ஒரு நாளைக்கு 30 டன் எரிபொருள் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கனரக எண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று ஸ்லட்ஜாக விழும். ஒரு நாளைக்கு 300 கிலோ. 18 நாள் ஓட்டத்தில் 5.4 டன். அது எங்கே போயிற்று? டேங்கில் இருந்தால், டேங்கின் மட்டத்தை அளந்து வாராவாரம் எழுதும் சவுண்டிங்கில் தெரியும். கரையில் கொடுத்திருந்தால் ரசீது இருக்கும். எரித்தோம் என்றால், இன்ஸினரேட்டர் மணிக்கு எவ்வளவு எரிக்கும் என்று அதன் சான்றிதழிலேயே இருக்கிறது. அதை மணிக்கணக்கால் பெருக்கினால் போதும். பலமுறை பார்த்திருக்கிறேன், நாலு மணி நேரத்தில் எட்டு மணி நேர ஸ்லட்ஜை எரித்ததாக எழுதியிருப்பார்கள்.

ஒருமுறை ஒரு கப்பலில் ஆய்வுக்குப் போயிருந்தேன். புத்தகம் பளிச்சென்று இருந்தது, ஒரு அடித்தல் இல்லை. இன்ஜின் ரூமுக்குள் இறங்கினோம். வரிசையாக எல்லா ஃப்ளாஞ்சிலும் பெயின்ட் உரிந்து துருப்பிடித்திருக்க, ஒன்றில் மட்டும் புதுப் பெயின்ட். அதன் ஆறு போல்ட்டில் இரண்டின் தலை ஸ்பேனர் பட்டுப் பளபளத்தது. கழற்றச் சொன்னேன். செப்பரேட்டரைத் தாண்டி, கடலுக்குப் போகிற வால்வுக்கு முன்னால் இருக்கும் குழாய்த் துண்டு அது. சுத்தமான தண்ணீர் மட்டுமே ஓட வேண்டிய இடம். உள்ளே விரலை விட்டு எடுத்தேன். முட்டி வரை கறுப்பு. பக்கத்தில் நின்ற ஜூனியர் இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். அந்தப் பையன் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கப்பல் அமெரிக்கா போகும் என்கிறீர்கள். அங்கே விஷயம் வேறு வேகத்தில் நடக்கும். வெளிநாட்டுக் கொடிக் கப்பல் நடுக்கடலில் ஊற்றியதற்கு அமெரிக்கா நேரடியாக வழக்குப் போடுவதில்லை, அது கொடி நாட்டின் வேலை. ஆனால் பொய் எழுதிய புத்தகத்தோடு கப்பல் அவர்களுடைய துறைமுகத்துக்குள் நுழைந்தால், அந்தப் பொய் அவர்களுடைய எல்லைக்குள் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மார்போலை நடைமுறைப்படுத்த அவர்கள் 1980-ல் போட்ட சட்டத்தின்படி அதற்கு ஆறு வருடம் வரை சிறை. விசாரணையைத் தடுக்கும் எண்ணத்தோடு ஆவணத்தைத் திருத்தினாலோ பொய்யாக எழுதினாலோ அது தனிக் குற்றம், அதற்கு அதிகபட்சம் 20 வருடம்.

கரீபியன் பிரின்சஸ் கப்பலின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தொடங்கி வைத்தவரும் உங்களைப் போல ஒரு இன்ஜினியர்தான். 2013 ஆகஸ்ட் 26, இங்கிலாந்துக் கரையிலிருந்து 23 மைல் தூரத்தில் அந்தப் பயணிகள் கப்பல் 4,000 கேலனுக்கு மேல் எண்ணெய்க் கழிவைக் கடலில் விட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் ஒருவர் திருட்டுக் குழாயைப் பார்த்துவிட்டார். சவுத்ஹாம்ப்டன் வந்ததும் வேலையை உதறிவிட்டு இறங்கி, பிரிட்டிஷ் கடலோர அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். அவர்கள் அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்குச் சொன்னார்கள். கப்பல் செப்டம்பரில் நியூயார்க் வந்தபோது சோதனை. இதற்குள் சீஃப் இன்ஜினியர் குழாயைக் கழற்றச் சொல்லி, கீழே இருந்தவர்களைப் பொய் சொல்லச் சொல்லியிருந்தார். கிளறக் கிளற, 2005-லிருந்தே இது நடந்துவந்தது தெரிந்தது. கழிவைக் கரையில் கொடுக்கும் செலவை மிச்சம் பிடிப்பது ஒரு காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. நிறுவனம் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டியது. வேண்டுமென்றே செய்த கப்பல் மாசுக்கு அதுவரை அவ்வளவு பெரிய அபராதம் விதிக்கப்பட்டதில்லை. அந்த இன்ஜினியருக்கு நீதிமன்றம் 10 லட்சம் டாலர் கொடுத்தது. அபராதத்தில் பாதி வரை தகவல் கொடுத்தவருக்குத் தர அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதைப் படித்ததும் உங்கள் கடன் ஞாபகம் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால் பணத்தை எதிர்பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தருவதா, எவ்வளவு என்பது நீதிபதியின் விருப்பம். வழக்கு முடிய வருடங்கள் ஆகும். சாட்சிகளாக மாதக்கணக்கில் அங்கேயே ஒரு விடுதியில் உட்கார்ந்திருந்த நம் ஊர்ப் பையன்கள் உண்டு. வீட்டில் விசேஷம் நடந்தாலும் துக்கம் நடந்தாலும் வர முடியாது. இன்னொன்றும் பாருங்கள். அந்த இன்ஜினியர் பொய்யான வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவில்லை. பார்த்ததும் இறங்கிவிட்டார். நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு முதலில் ஒரு வக்கீல் வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

இன்றைக்கே, ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே, ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த வாட்ச், கப்பல் ஏறக்குறைய எங்கே இருந்தது, எந்த டேங்க், எந்தப் பம்ப், முன்னும் பின்னும் சவுண்டிங் எவ்வளவு, யார் யார் நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள். உங்கள் போனில் படம் இருந்தால் அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். கூட இருந்த ஆயிலரிடம் ‘இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதே’ என்று எதுவும் பேசிவைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தில் பேசினாலும் அது சாட்சியைக் கலைத்ததாகப் பார்க்கப்படும்.

பிறகு மும்பையில் இருக்கிற மாரிடைம் யூனியன் ஆஃப் இந்தியாவுக்குப் போன் செய்யுங்கள். அதிகாரிகளுக்கான யூனியன் அது, கப்பல் சட்டம் தெரிந்த வக்கீலை அவர்கள் வழியாகப் பிடிக்கலாம். ஊரில் சிவில் வழக்குப் பார்க்கிற வக்கீல் நல்லவராக இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்கு அவர் ஆள் இல்லை. உங்கள் யூனியன் உறுப்பினர் அட்டை காலாவதியாகியிருந்தாலும் தயங்காமல் பேசுங்கள். சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

வக்கீலோடு பேசிய பிறகு கம்பெனியின் டி.பி.ஏ.-வுக்கு (கப்பலுக்காகக் கரையில் நியமிக்கப்பட்ட பொறுப்பாளர்) எழுதுங்கள். ஒவ்வொரு கப்பலிலும் மெஸ் ரூம் பக்கத்தில் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்குமே, அவர்தான். கப்பல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.எம். விதிப்படி அவர் கம்பெனியின் உச்சியில் இருப்பவர்களிடம் நேரடியாகப் பேசக்கூடியவர். கப்பலில் நடப்பது கம்பெனி முதலாளிக்குத் தெரியாமலும் இருக்கலாம், உண்மையிலேயே அப்படிப்பட்ட கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். சூப்பரின்டெண்டென்ட் செலவைக் குறை குறை என்று நெருக்குவார், சீஃப் தன் போனஸுக்காகக் குழாயை மாட்டுவார். நல்ல கம்பெனியாக இருந்தால் டி.பி.ஏ. அன்றைக்கே நடவடிக்கையைத் தொடங்குவார், கொடி நாட்டுக்கும் தெரிவிப்பார். அவர் மழுப்பினாலோ, ‘விட்டுவிடு தம்பி’ என்றாலோ, நீங்களே வக்கீல் மூலமாகக் கொடி நாட்டு நிர்வாகத்துக்கும், கப்பல் துறையைக் கவனிக்கும் நம் மத்திய அரசு அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங்குக்கும் எழுதலாம். கம்பெனி ஆள் எடுத்தது இங்கே லைசென்ஸ் வாங்கிய ஏஜென்சி வழியாகத்தான். அந்த லைசென்ஸ் டி.ஜி. ஷிப்பிங்கின் கையில் இருக்கிறது.

அதே கப்பலில் ஏற வேண்டாம். இதை மட்டும் கறாராகவே சொல்கிறேன். வேறு கப்பல் கேளுங்கள். காரணம் கேட்டால் டி.பி.ஏ.-வுக்கு எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் போதும். ஏறினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஹோஸ் மறுபடி வரும், அல்லது அமெரிக்கத் துறைமுகத்தில் சீருடை போட்டவர் அந்த வரியைக் காட்டி ‘இது உங்கள் கையெழுத்தா’ என்று கேட்பார். எந்தச் சூழ்நிலையிலாவது அப்படி ஒரு கேள்வி உங்கள் முன் வந்தால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். ‘வக்கீலோடு பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. எண்ணெயை ஊற்றியதற்கு மட்டுமென்றால் குறைவாக முடிந்திருக்கும் பல பேருடைய தண்டனை, விசாரணையில் சொன்ன பொய்யால்தான் நீண்டது.

புத்தகத்தில் எழுதிய வரியை அடிக்கவோ, கம்பெனியிடம் சொல்லி மாற்றவோ நினைக்காதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

இனி வேலை. யாராவது வேலை தருவார்களா என்று கேட்டீர்கள். பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். சில கம்பெனிகள் தர மாட்டார்கள். ஏஜென்ட்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், வாய்விட்டுச் சொல்லாமலே உங்கள் ஃபைல் அடியில் போய்விடும். 2006-ன் கடல் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. புகார் சொன்ன கப்பல் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது, ஆனால் அடியில் போன ஃபைலை அது தேடி எடுத்துத் தராது. ஆறு மாதம், ஒரு வருடம்கூடக் கரையில் உட்கார நேரலாம். அதற்குத் தயாராகுங்கள். வங்கியில் போய்க் கடன் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள்.

அதே நேரம் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய டேங்கர் கம்பெனிகளும், பெரிய எண்ணெய் நிறுவனங்களின் சோதனைக்கு உட்பட்டு ஓடும் கப்பல்களும் இப்போது நேர்மாறாகத் தேடுகிறார்கள். ஃப்ளாஞ்சுகளுக்கு எண் போட்ட சீல், கடலுக்குப் போகிற வால்வுக்குப் பூட்டு, சாவி கேப்டனிடம் என்று வைத்திருக்கிறார்கள். இரும்பில் எழுதும் விதி மெதுவாக இன்ஜின் ரூமுக்குள்ளும் வருகிறது. ஒரு அபராதம் ஒரு கப்பலின் விலையையே சாப்பிட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ‘மாட்ட மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய இன்ஜினியர் அவர்களுக்கு வேண்டும். உங்கள் கிளாஸ் ஃபோர் சான்றிதழை யாரும் பிடுங்கிவிடவில்லை. அடுத்த பரீட்சைக்குப் படிக்க இந்த இடைவெளியைப் பயன்படுத்துங்கள்.

துறைமுகங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கப்பல் கழிவை வாங்கிக்கொள்ள வசதி செய்து தருவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகளின் கடமை. பல துறைமுகங்களில் அந்த வசதி பேருக்குத்தான். பார்ஜ் கேட்டால் இரண்டு நாள் ஆகும் என்பார்கள், கப்பல் நாளைக்கே கிளம்ப வேண்டும். விலையோ வாய்க்கு வந்தபடி. பால்டிக் கடல் துறைமுகங்களில் கழிவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் துறைமுகக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். தனியாகக் காசு இல்லை என்றால் யார்தான் திருட்டுத்தனமாகக் கடலில் ஊற்றுவார்? நம் துறைமுகங்களும் அதைச் செய்ய வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசி வருகிறேன். உங்கள் செகண்டின் தப்பை இது குறைக்காது. ஆனால் தப்பு அவரிடம் மட்டும் இல்லை என்பதால் சொல்கிறேன்.

கடைசியாக அப்பா. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது அவருக்கு ஞாபகம் இருக்கும். பையன்கள் வாளியில் கறுப்புக் கூழை அள்ளியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அது விபத்து, அதனால் செய்தி ஆனது. உங்கள் கப்பல் மாதிரிக் கப்பல்கள் ராத்திரியில் விட்டுவிட்டுப் போவது செய்தி ஆவதில்லை. வெயிலிலும் அலையிலும் கெட்டிப்பட்டு, தார் உருண்டையாக எங்கோ ஒரு கரையில் ஏறும். கோவாவில் மழைக்காலத்தை ஒட்டி வருடா வருடம் ஏறுகிறது. எந்தக் கப்பலுடையது என்று அந்த உருண்டையில் எழுதியிருக்காது. வள்ளத்தில் போகிறவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. வலையில் தார் ஒட்டினால் என்ன பாடு என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவரிடம் சொல்லுங்கள். வக்கீலுக்குப் போன் செய்யுமுன் சொன்னால் இன்னும் நல்லது, ஏனென்றால் மும்பைக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும், தனியாகப் போகாதீர்கள். டி.பி.ஏ.-வுக்கு எழுதும் கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். அதில் அந்த இரண்டு ராத்திரிகளின் தேதியும் சவுண்டிங் அளவும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு சீஃப் இன்ஜினியர்